சாடிகள் யாருடையவை?

அழகிய பொருள் ஒன்றை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால், அது நம்முடையது என்று எண்ணுகிறோம். சட்டமும் அவ்வாறே சொல்கிறது. விற்றவன் கேட்ட தொகையைக் கொடுத்தோம், சீட்டைப் பெற்றுக்கொண்டோம், கணக்குத் தீர்ந்தது. அதற்கு மேலும் அந்தப் பொருளின் பேரில் நாம் யாருக்கேனும் ஏதேனும் கொடுக்க வேண்டியிருக்கிறதா? வீண் கேள்வி என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் பழம்பொருள் சேகரிப்பின் வரலாற்றை ஊன்றிப் படிப்போருக்கு இஃது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வியன்று என்பது விளங்கும்.

சேகரிப்பில் பல வகை உண்டு. பொன்னைச் சேர்ப்பவன் நாளைய தேவைக்காகச் சேர்க்கிறான். நூலைச் சேர்ப்பவன் அறிவுக்காகச் சேர்க்கிறான். பூ வைக்கவும் பயன்படாத, தண்ணீர் மொள்ளவும் உதவாத சாடியைச் சேர்ப்பவன் எதற்காகச் சேர்க்கிறான்? அழகுக்காக என்பான். அந்த விடை பொய்யன்று. ஆனால் முழுமையானதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பண்டைய கிரேக்க, ரோமானிய வடிவங்களைப் பின்பற்றி இங்கிலாந்தில் செய்யப்பட்ட மண் சாடிகளின் கதையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். உலகெங்கும் செல்வரும் அருங்காட்சியகங்களும் போட்டியிட்டு வாங்கிய பொருள்கள் அவை. உடைமை என்பதைப் பற்றி நாம் கேட்கக்கூடிய கேள்விகளுள் பெரும்பாலானவை அந்தச் சிறிய துறைக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

கல்லறையிலிருந்து கூடத்துக்கு

சர் வில்லியம் ஹாமில்டன் 1764-ஆம் ஆண்டு முதல் நேப்பிள்ஸ் நகரில் ஆங்கில அரசின் தூதராக இருந்தார். தென் இத்தாலியின் பழங்கல்லறைகளைத் தோண்டும்போது கிடைத்த சாடிகளை அவர் ஆர்வத்தோடு வாங்கிக் குவித்தார். செந்நிற, கருநிறச் சித்திரங்கள் தீட்டப்பட்ட அந்தச் சாடிகளை எட்ரஸ்கர் என்னும் பண்டைய இத்தாலிய இனத்தாரின் படைப்புகள் என்றே அக்காலத்தார் பலர் நம்பினர். உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை ஏதென்ஸ் நகரத்திலோ, தென் இத்தாலியின் கிரேக்கக் குடியேற்றங்களிலோ செய்யப்பட்டவை. இறந்தோருடன் புதைக்கப்பட்டவை மண்ணிலிருந்து வெளிவந்தன. ஹாமில்டன் தம் முதல் தொகுப்பை 1772-இல் சுமார் 8,400 பவுண்டுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதற்கு முன்பே அச்சாடிகளின் சித்திரங்களைப் பெரிய நூல் தொகுதிகளாக அச்சிடச் செய்திருந்தார்.

அந்தச் சித்திரங்கள் ஆங்கிலக் குயவர் ஒருவரின் கைக்கு எட்டின. ஜோசையா வெட்ஜ்வுட் 1730-இல் ஸ்டாஃபோர்டுஷயரின் பர்ஸ்லெம் என்னும் ஊரில் குயவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கண்ட பெரியம்மை அவருடைய வலது முழங்காலைப் பழுதாக்கியது. 1768-இல் அந்தக் காலையே வெட்டியெடுக்க நேர்ந்தது. மறு ஆண்டு, 1769 ஜூன் 13-ஆம் நாள், எட்ரூரியா என்று பெயரிட்ட தம் புதிய தொழிற்சாலையை அவர் திறந்தார். அன்று அவரே குயச்சக்கரத்தின் முன் அமர்ந்து ஆறு சாடிகளை வனைந்தார். சக்கரத்தைச் சுழற்றியவர் அவருடைய கூட்டாளியான லிவர்ப்பூல் வணிகர் தாமஸ் பென்ட்லி. சூளையிலிருந்து பழுதின்றி வந்தவை நான்கே. எட்ரூரியாவின் கலைகள் மீண்டும் பிறக்கின்றன என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் அவற்றின் மீது எழுதப்பட்டது. பிறந்தது கிரேக்கக் கலை. சூட்டிய பெயரோ எட்ரூரியா. தொடக்கத்திலேயே பெயர் இடம் மாறிவிட்டது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரைவில் இங்கிலாந்தைச் சாடி மோகம் பற்றிக்கொண்டது. கணப்படுப்பின் மேல் மூன்றாக, ஐந்தாக, ஏழாக அணிவகுத்து வைப்பதற்குச் செல்வர்கள் சாடிகளை வாங்கினர். வெட்ஜ்வுட் கைதேர்ந்த குயவர். அதைவிடத் தேர்ந்த வணிகர். முதலில் உயர்குடியினருக்கு மட்டும் விற்று, அவர்களுடைய மாளிகைகளில் சாடிகள் சிறிது காலம் இருந்து புகழ் பெற்ற பின், விலையைக் குறைத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்பதே அவர் வகுத்த வழி. பிறர் வைத்திருப்பதைக் கண்டு தானும் வைத்திருக்க விரும்புவது மனித இயல்பு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

சேகரிப்பவரின் கண்

இவ்வாறு சொல்வதால் அந்தச் சாடிகளின் அழகு போலி என்று கொள்ளலாகாது. முதலில் வந்தது 'பசால்ட்' என்னும் கரிய, கல் போன்ற மண்பாண்டம். பின்னர் வந்தது 'ஜாஸ்பர்'. அதனை உருவாக்க வெட்ஜ்வுட் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். எந்த மண்ணோடு எந்தக் கனிப்பொருளை எவ்வளவு சேர்த்து எவ்வளவு சூட்டில் வேகவைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுக் குறித்து வைத்தார். டெர்பிஷயர் பகுதியில் கிடைத்த பேரியம் கலந்த கனிப்பொருளே இறுதியில் கைகொடுத்தது. 1774-ஆம் ஆண்டளவில் சோதனை கைகூடியது. பெரிய சாடிகளைச் செவ்வனே செய்வதற்கோ மேலும் சில ஆண்டுகள் பிடித்தன.

மெருகெண்ணெய் எதுவும் பூசப்படாமலேயே ஜாஸ்பரின் மேனி வழவழப்பாக இருக்கும். இளநீலம், பசுமை, ஊதா முதலிய நிறங்களில் உடல். அதன் மேல் பால் வெண்மையில் புடைப்புருவங்கள். உருவங்களைத் தனி அச்சில் அழுத்தி எடுத்து, ஈரம் காயாத சாடியின் மேல் நீர் தொட்டு ஒட்டுவார்கள். சூளையில் இரண்டும் ஒரே அளவில் சுருங்க வேண்டும், இல்லையேல் வெடித்துவிடும். நன்கு செய்யப்பட்ட ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஆடையின் மெல்லிய மடிப்புகள் ஊடே அடியிலுள்ள நீலம் தெரியும்.

தேர்ந்த சேகரிப்பாளர் சாடியைக் கையில் எடுத்தவுடன் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் 'வெட்ஜ்வுட் அண்டு பென்ட்லி' என்று இருவர் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தால், அது 1769-க்கும் பென்ட்லி மறைந்த 1780-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கொள்வார். பெயரோடு 'இங்கிலாந்து' என்ற சொல்லும் இருந்தால், இறக்குமதிப் பொருள்கள் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்க வேண்டுமென்று அமெரிக்கா வற்புறுத்திய 1891-க்குப் பிற்பட்டது அது. பெயரின் எழுத்துகளுக்கிடையே ஓர் எழுத்து மிகுதியாக இருந்தால், வேறு ஆலைக்காரர் செய்த பொருள் என்று கீழே வைத்துவிடுவார். பின்னர் விரல் நுனியால் மேனியைத் தடவுவார். உருவங்களின் விளிம்பைக் கூர்ந்து நோக்குவார். பன்முறை பயன்பட்டுத் தேய்ந்த அச்சில் எடுத்த உருவத்தின் முகம் மழுங்கியிருக்கும். புதிய அச்சில் எடுத்ததில் கண்ணிமையும் தெரியும். இத்தகைய அறிவு பல ஆண்டுப் பழக்கத்தால் வருவது. பொறுமையும் நாணயமும் இல்லாதவருக்கு அது வாய்ப்பதில்லை. ஒரு பொருளை இவ்வளவு கூர்ந்து பார்ப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அக்கண் எதைத் தேடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது பெயரைத் தேடுகிறது. யாருடைய பெயரை?

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

எட்ரூரியாவின் முதல் நாள் சாடிகளில் தீட்டப்பட்ட சித்திரங்கள் ஹாமில்டனிடம் இருந்த கிரேக்கக் குடம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் செய்யப்பட்ட அந்தக் குடம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மேல் ஒரு வரி காணப்படுகிறது: மெய்டியாஸ் செய்தான் என்பது அதன் பொருள். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு குயவன் தன் பெயரைத் தான் செய்த குடத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

அந்தக் குடத்தைப் பார்த்துச் செய்த ஆங்கிலச் சாடிகளில் இருப்பது முதலாளிகள் இருவரின் பெயர். முதல் நாள் சாடிகளை அவர்களே வனைந்தார்கள் என்பதால் அது பொருந்தும் என்று கொள்ளலாம். ஆயினும் அவற்றின் மேல் சித்திரம் தீட்டிய கையின் பெயர் அவற்றில் இல்லை. பின்னர் வந்தவற்றிலும் செய்தவர் பெயர் மிக அரிதாகவே காணப்படுகிறது.

வில்லியம் ஹாக்வுட் என்னும் சிற்பி 1769-இல் எட்ரூரியாவில் சேர்ந்து 1832 வரை, அறுபத்து மூன்று ஆண்டுகள், அங்கேயே பணிபுரிந்தார். புடைப்புருவங்களுக்கு மூலவடிவம் செய்வதில் அவருக்கு நிகரானவர் அந்த ஆலையில் இல்லை. அவர் தம் பெயரைத் தாம் செய்த உருவம் ஒன்றில் பொறித்தபோது வெட்ஜ்வுட் அதனை விரும்பவில்லை. வெளியிலிருந்து வரும் புகழ்பெற்ற சிற்பியின் பெயரால் விற்பனை பெருகும். உள்ளே இருக்கும் ஊழியரின் பெயரோ ஆலையின் பெயருக்குப் போட்டியாகிவிடும். வணிகக் கணக்கில் இது சரியே. அறக் கணக்கில்? ஒரு மனிதனின் அறுபது ஆண்டு உழைப்பை வாங்கலாம். அவ்வுழைப்பில் அவனுக்கு இயல்பாக உள்ள பெயருரிமையையும் கூலியோடு சேர்த்து வாங்கிவிட முடியுமா? அதே ஹாக்வுட், எட்ரூரியாவில் வேலை செய்த எட்வர்டு போர்ன் என்னும் முதிய கொத்தனாரின் உருவத்தைச் சிறு பதக்கமாக வடித்தார் என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. பெயரில்லாத ஒருவர் இன்னொரு பெயரில்லாதவரை மறவாதபடி செய்துவிட்டார்.

வெட்ஜ்வுட் கொடிய முதலாளி அல்லர். நோயுற்ற தொழிலாளருக்கு உதவும் நிதி ஏற்பாடு அவருடைய ஆலையில் இருந்தது. ஆயினும் மணியடித்து வேலைக்கு வரச்செய்தல், வேலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒன்றே ஒன்றைக் கற்பித்தல், பிழையே செய்யாத எந்திரங்களாக மனிதரை ஆக்க முனைதல் ஆகியவையும் அவருடைய முறைகளே. மண்ணை வெண்மையாக்கச் சேர்த்த சிக்கிமுக்கிக் கல்லின் தூள் அவ்வட்டாரக் குயவர்களின் நுரையீரலைத் தின்றது. மெருகுக்குச் சேர்த்த ஈயம் தோய்ப்பவர்களின் உடலில் நஞ்சாக ஏறியது. 1783-ஆம் ஆண்டு உணவு விலை ஏறியபோது, எட்ரூரியாவில் கால்வாய் வழியே வந்த உணவுப் படகொன்றை மக்கள் மறித்தனர். படை வந்தது, முன்னின்றவர்களுள் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். ஹாமில்டனின் மாளிகையிலிருந்து எடுத்த தெய்வ உருவங்கள் நீல மேனியில் நடனமாடிக் கொண்டிருந்த அதே ஆலையின் வாயிலில் இது நடந்தது.

பெயர் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. புதுச் செவ்வியல் காலத்தின் புகழ்பெற்ற நகல், போர்ட்லண்டு சாடியின் நகல். மூலச்சாடி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியக் கைவினைஞர் ஒருவர் கருநீலக் கண்ணாடியில் செய்தது. இத்தாலியில் பார்பெரினி குடும்பத்திடம் இருந்தபோது அதன் பெயர் பார்பெரினி சாடி. ஹாமில்டன் வழியாகப் போர்ட்லண்டு கோமாட்டியிடம் வந்தபின் போர்ட்லண்டு சாடி. செய்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. வைத்திருந்தவர் பெயரோ நிலைத்துவிட்டது.

கோமாட்டி மறைந்தபின் 1786-இல் அவருடைய மகன் அச்சாடியை வெட்ஜ்வுட்டிடம் நகலெடுக்கக் கொடுத்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முயன்று, கரிய ஜாஸ்பரில் அதனை அவர் மீண்டும் படைத்தார். 1845-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இளைஞன் ஒருவன் மூலச்சாடியை இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைத்துவிட்டான். அன்றைய சட்டப்படி, சாடியைச் சூழ்ந்திருந்த கண்ணாடிப் பெட்டியின் விலைக்கே அவனைத் தண்டிக்க முடிந்தது. சாடிக்குரிய கோமகன் அவனுடைய குடும்பத்தைத் துன்புறுத்த விரும்பாமல் வழக்கை விட்டுவிட்டார். பெயர் வெளியிடாத ஒருவர் அபராதத்தைக் கட்டினார். உடைந்ததை ஒட்டுவதற்கு வெட்ஜ்வுட்டின் நகல் துணை நின்றது. தனியுடைமையாக மட்டும் பூட்டி வைத்திருந்தால் அந்த வடிவம் அன்றோடு சிதைந்திருக்கும். ஒருமுறை மனமுவந்து இரவல் கொடுத்ததே பின்னாளில் அதைக் காத்தது.

வெண்மையின் பின்னால்

1787-ஆம் ஆண்டு வெட்ஜ்வுட் ஆலையிலிருந்து வேறொரு ஜாஸ்பர்ப் பொருள் வெளிவந்தது. அது சாடியன்று, சிறு பதக்கம். வெண்ணிறப் பின்னணியில் கரிய மனிதன் ஒருவன், கையிலும் காலிலும் விலங்கு பூட்டி, மண்டியிட்டு நிற்கிறான். தானும் ஒரு மனிதன் அன்றோ, சகோதரன் அன்றோ என்று அவன் கேட்பதாகச் சுற்றிலும் எழுத்து. அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்தில் வெட்ஜ்வுட் உறுப்பினர். அப்பதக்கங்களை அவர் விலைக்கு விற்காமல் வழங்கினார். அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்ளினுக்கும் அனுப்பினார். பெண்கள் அவற்றைக் கையிலும் கூந்தலிலும் அணிந்தனர். இங்கிலாந்து 1807-இல் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது. மனிதனின் மனசாட்சியைத் தொட்ட மண்பாண்டம் இதுபோல் வேறொன்று இருக்குமா என்று வியக்கத் தோன்றுகிறது.

ஆயினும் அதே ஆலை செய்த அழகிய சர்க்கரைக் கிண்ணங்களில் வைக்கப்பட்ட சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விளைத்தது. சாடி வாங்கியோர் பலரின் செல்வமும் அங்கிருந்தே வந்தது. நல்லோர் ஒருவரின் கைவினையிலும் அக்காலத்தின் அநீதி கலந்தே இருந்தது.

பின்வந்த சேகரிப்பாளரிடமும் இதே கதையைக் காண்கிறோம். வில்லியம் லீவர் என்பவரை நம்மவர் பெயரால் அறியாவிடினும், அவர் செய்த சன்லைட் சோப்பை அறிவோம். 1888-ஆம் ஆண்டிலிருந்தே அது இந்தியக் கடைகளுக்கு வந்தது. அவர் 1905-இல் டுவீட்மவுத் பிரபுவின் ஜாஸ்பர்த் தொகுப்பை வாங்கினார். லிவர்ப்பூலை அடுத்துத் தம் தொழிலாளருக்காக அவர் கட்டிய போர்ட் சன்லைட் என்னும் ஊரில், மறைந்த தம் மனைவியின் நினைவாக எழுப்பிய கலைக்கூடம் 1922-இல் திறக்கப்பட்டது. ஜாஸ்பர் பொருள்களின் தலைசிறந்த தொகுப்புகளுள் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. தொழிலாளியும் அழகைக் காண வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1911-இல் பெல்ஜியக் காங்கோவில் அவர் பெற்ற நிலங்களில், சோப்புக்கு வேண்டிய பனையெண்ணெய்க்காக ஆப்பிரிக்க மக்கள் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். இங்கிலாந்தின் தொழிலாளிக்குக் கலைக்கூடம். காங்கோவின் தொழிலாளிக்குச் சவுக்கு. கூடத்தின் நடுவே நிற்கும் சாடி இவ்விரண்டையும் அறியாது. அதைப் பார்க்கும் நாமும் அறியாமல் இருக்கலாமா?

வழக்கு மன்றத்தில் சாடிகள்

இதுவரை கூறியவை பழங்கதை என்று ஒதுக்கிவிடுவோரும் இருக்கலாம். அவர்கள் பொருட்டு அண்மையில் நடந்த ஒன்றைக் கூற வேண்டும்.

வெட்ஜ்வுட் நிறுவனம் பார்லாஸ்டன் என்னும் ஊரில் ஓர் அருங்காட்சியகத்தை நடத்தி வந்தது. முதல் நாள் சாடியும், சோதனைத் துண்டுகளும், கடிதங்களும், ஓவியங்களுமாகச் சுமார் 80,000 பொருள்கள் அங்கே இருந்தன. 2009 ஜனவரியில் வாட்டர்ஃபோர்டு வெட்ஜ்வுட் நிறுவனம் கடனில் மூழ்கியது. தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் 134 மில்லியன் பவுண்டு பற்றாக்குறை. அருங்காட்சியகம் தனி அறக்கட்டளையாக இருந்தபோதிலும், அதன் ஊழியர் ஐவர் அதே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்தனர். திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுள் கடைசியாக நிற்பதன் மேல் முழுச் சுமையும் விழும் என்பது சட்டம். ஆகவே அந்த ஐவரின் பொருட்டு, முழுப் பற்றாக்குறையும் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. தொகுப்பைக் கடனுக்காக விற்கலாம் என்று 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாடே பதறியது. இருநூற்றைம்பது ஆண்டுக் கலைச்செல்வம் ஏலத்தில் சிதறிப்போகலாமா என்று அறிஞர்கள் கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் யாருடையது? களிமண்ணைப் பிசைந்து, சக்கரத்தைச் சுழற்றி, சூளையின் வெப்பத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுடையது. ஹாக்வுட்டின் வழிவந்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். சாடிகளைச் செய்தவர்களின் முதுமைக்குச் சாடிகளை விற்றுச் சோறு போடுவது அநீதியா? சாடிகளைக் காப்பதற்காகச் செய்தவர்களின் பங்கை மறுப்பது நீதியா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று உடைகிறது.

இறுதியில் மூன்றாம் வழி ஒன்று கிடைத்தது. தொகுப்பைச் சிதறாமல் வாங்குவதற்கு 15.75 மில்லியன் பவுண்டு வேண்டும் என்று முடிவாயிற்று. பொது நிதிகளும் அறக்கட்டளைகளும் பெரும்பகுதியைத் தந்தன. எஞ்சியதற்காக 2014-இல் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஒரு மாத அளவிலேயே தொகை சேர்ந்துவிட்டது. தொகுப்பு இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு உரிமையாகி, பார்லாஸ்டனிலேயே தொடர்ந்து இருக்கிறது. கொடுக்கப்பட்ட பணம் ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்தது. பற்றாக்குறையில் எட்டில் ஒரு பங்குக்கும் அது குறைவு. ஆயினும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சாடிகளைக் காப்பாற்ற விரும்பியவர்கள், அவற்றின் மேலிருந்த தொழிலாளரின் உரிமையை மறுத்துக் காப்பாற்றவில்லை. விலையாகக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

அதன்பின் 2016-இல், தனியார் ஒருவரிடமிருந்த முதல் நாள் சாடி ஒன்று இலண்டனில் 482,500 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. அது வெளிநாடு செல்லாதபடி அரசு சிறிது காலம் தடுத்து நிறுத்த, 2017-இல் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரின் அருங்காட்சியகம் நிதி திரட்டி அதனை வாங்கியது. பிறந்த மண்ணுக்கே அது திரும்பியது. குயவர்களின் பேரர்கள் இன்று கட்டணமில்லாமல் அதனைச் சென்று காணலாம்.

உடைமையும் கடனும்

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இனி வருவோம். விலை கொடுத்தபின்னும் பொருளின் பேரில் நாம் கொடுக்க வேண்டியது உண்டா?

உண்டு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் விலை என்பது நமக்கும் விற்றவனுக்கும் இடையே நடந்த கணக்கு. பொருளுக்குள் அடங்கிய உழைப்போ, அந்த இருவரோடு முடிந்துவிடுவதன்று. ஏதென்ஸின் குயவன், கல்லறையைத் தோண்டிய கூலியாள், நீரில் தூளாக்கிய கல்லைச் சுமந்த சிறுவன், பெயர் பொறிக்கத் தடுக்கப்பட்ட சிற்பி, கரும்பு வெட்டிய அடிமை என்று வரிசை நீள்கிறது. அவர்களுள் எவரும் ஏலக்கூடத்தில் வந்து நிற்கவில்லை.

இதற்கு மறுப்பாக இரண்டு சொல்லலாம். இறந்துபோனவர்க்குத் திருப்பிக் கொடுப்பது எவ்வாறு என்பது ஒன்று. இவ்வாறெல்லாம் எண்ணத் தொடங்கினால் உலகில் எந்தப் பொருளையும் நிம்மதியாக வைத்திருக்க இயலாது என்பது மற்றொன்று.

முதலாவதற்கு 2014-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே விடை. இறந்தவர்க்குப் பட்டதை இருப்பவர்க்குத் தீர்க்கலாம். தீர்க்க முடியாததை அறிவித்தாவது வைக்கலாம். சாடியின் அடியில் எழுதப்படாத பெயரைச் சேகரிப்பவர் தம் பட்டியலில் எழுதி வைக்கலாம். அருங்காட்சியகத்தின் அட்டையில் யார் வைத்திருந்தார் என்பதோடு யார் செய்தார், எந்தப் பணத்தால் வாங்கப்பட்டது என்பதையும் பொறிக்கலாம். இவை செலவில்லாத செயல்கள். ஆனால் நேர்மை வேண்டும் செயல்கள்.

இரண்டாவதை இன்னும் ஆழ்ந்து எண்ண வேண்டும். நிம்மதியாக வைத்திருப்பது என்றால் என்ன? ஒன்றையும் கேளாமல் வைத்திருப்பதா? அப்படியானால் அது பொருளின் அழகை அனுபவிப்பதும் ஆகாது. சாடியின் வெண்ணுருவம் ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று கேட்பவன், கேட்டுக்கொண்டே போனால், ஹாக்வுட்டின் விரலைச் சென்று சேர்வான். அழகை முழுவதும் காண்பதும் உழைத்தவனைக் காண்பதும் ஒரே பாதையில் உள்ளன. பாதியில் நின்றுவிடுபவனே பெயரையும் விலையையும் மட்டும் கண்டு திரும்புகிறான்.

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். திருப்பித் தர வேண்டிய தொகையும் கடன். செய்ய வேண்டிய செயலும் கடன். வேறு பல மொழிகள் இரண்டு சொற்களால் பிரித்து வைப்பதை நம் மொழி ஒன்றாகவே வைத்திருக்கிறது. நம் இல்லங்களில் வழங்கும் அமானிதம் என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். பிறருடைய பொருளை அவருக்காகக் காத்து வைப்பது அமானிதம். அதில் ஒரு பெருமை உண்டு. ஆனால் நம்முடையது என்ற செருக்குக்கு இடமில்லை. பாதுகாக்கத் தவறினால் பழி உண்டு; மறைத்து வைத்தாலும் பழி உண்டு. போர்ட்லண்டு சாடியை இரவல் கொடுத்தவர் தெரிந்தோ தெரியாமலோ இந்த முறையில் நடந்தார். பூட்டி வைத்தவர் பலரின் சாடிகள் தீயிலும் போரிலும் கடலிலும் போயின. ஹாமில்டனின் இரண்டாவது தொகுப்பில் ஒரு பகுதியே 1798-இல் 'கொலாசஸ்' என்ற கப்பலோடு சிலித் தீவுகளின் அருகே மூழ்கிற்று.

ஆகவே சேகரிப்பதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. சேகரித்தவர்கள் இல்லையேல் மெய்டியாஸின் பெயரும் மண்ணுக்குள் கிடந்திருக்கும். ஆனால் சேகரிப்பவர் தம்மைச் சாடியின் முடிவாக எண்ணாமல், அதன் பயணத்தில் ஒரு தங்குமிடமாக எண்ண வேண்டும். அவருக்கு முன் பல கைகள் அதனை ஏந்தின. அவருக்குப் பின்னும் பல கைகள் ஏந்தும். இடையில் அது தம்மிடம் இருக்கும் சில ஆண்டுகளில் அதனை உடையாமல் காப்பதும், கேட்பவர்க்குக் காட்டுவதும், செய்தவரைச் சொல்வதும், அதன் பேரில் யாருக்கேனும் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்க முயல்வதும் அவர் கடன்.

நம் வீடுகளிலும் முன்னோர் விட்டுச்சென்ற கலமோ, விளக்கோ, பெட்டியோ கண்ணாடி அலமாரிக்குள் இருக்கலாம். யார் வாங்கினார் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். எவ்வளவு விலை பெறும் என்றும் சொல்லியிருப்போம். யார் செய்தார் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வோம்? அவ்விடை தெரியாமற் போனாலும், கேட்கத்தக்க கேள்வி அது என்பதையேனும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.